மனச்சோர்வு மாத்திரையோடு சத்து மாத்திரையும் சேர்க்கலாமா? தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஊத்தங்கரையில் இருப்பவர் மனநல மருத்துவரைப் பார்க்கச் சேலத்துக்குப் போகிறார். ஓசூரில் இருப்பவர் எல்லையைத் தாண்டிப் பெங்களூருக்குப் போகிறார். உள்ளூரிலேயே மருத்துவர் இருந்தாலும், தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே பலர் இந்தப் பயணத்தை மேற்கொள்கிறார்கள். அதே மனிதர் சளி பிடித்தால் தெருமுனை மருத்துவரிடம் போகிறார். மூட்டு வலித்தால் மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிறார். தூக்கம் வராவிட்டால் நாட்டு மருந்துக் கடை. "மனம் லேசாகும்" என்ற விளம்பரத்தைக் கைபேசியில் பார்த்தால் கூரியரில் ஒரு டப்பா. மனநல மருத்துவரையும் சேர்த்து இந்த ஐந்து இடங்களில் ஓரிடத்தில் கொடுப்பது மற்ற நான்கு இடங்களுக்குத் தெரியாது. மனச்சோர்வு மருந்தோடு இன்னொன்று மோதி ஆபத்து வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

சேர்த்துச் சாப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சேர்க்கக்கூடியவை இருக்கின்றன, சிலவற்றைச் சேர்ப்பதால் நன்மையும் உண்டு. ஆனால் மறைத்துச் சேர்ப்பது எதுவாக இருந்தாலும் ஆபத்து. மருத்துவரிடம் எதைக் காட்டுவது, எதைக் கேட்பது என்று தயாராகிப் போவதற்குக் கீழே உள்ள படிகள் உதவும். மருத்துவரின் இடத்தை இவை நிரப்பாது.

படி 1: மாத்திரையின் உண்மைப் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்

அட்டையில் பெரிதாக அச்சிட்டிருப்பது நிறுவனம் சூட்டிய பெயர். உங்களுக்கு வேண்டியது, அருகில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர். படிக்கச் சிரமமாக இருந்தால் மருந்துக் கடையில் கேட்டுத் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின், ஃப்ளூஆக்ஸெட்டின், பராக்ஸெட்டின், ஃப்ளூவாக்ஸமின் ஆகியவை எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை. மூளையில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருள் நரம்பணுக்களுக்கு நடுவே கூடுதல் நேரம் தங்கும்படி இவை செய்கின்றன. வென்லாஃபாக்ஸின், டெஸ்வென்லாஃபாக்ஸின், டுலாக்ஸெட்டின் ஆகியவை செரோட்டோனினோடு நார்அட்ரினலின் என்ற இன்னொரு வேதிப்பொருளையும் தங்கவைப்பவை. அமிட்ரிப்டிலின், இமிப்ரமின் ஆகியவை பழைய வகை. மிர்ட்டாஸபினும் புப்ரோப்பியானும் வேறு வழிகளில் வேலை செய்பவை.

"எனக்கு மனச்சோர்வே இல்லையே" என்று நினைப்பவர்களும் இந்தப் படியைத் தாண்டிப் போக வேண்டாம். அடிக்கடி வரும் ஒற்றைத் தலைவலிக்கு அமிட்ரிப்டிலின் தருவது வழக்கம். சர்க்கரை நோயால் வரும் கால் எரிச்சலுக்கு டுலாக்ஸெட்டின் தருகிறார்கள். எதற்காகச் சாப்பிட்டாலும் உடலுக்குள் இவை செய்யும் வேலை ஒன்றுதான்; மோதலும் அதே மோதல்தான்.

ஃப்ளூஆக்ஸெட்டினுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நிறுத்திய பிறகும் அதன் தாக்கம் உடலில் ஐந்து வாரங்கள் வரை நீடிக்கக்கூடும். "போன வாரமே நிறுத்திவிட்டேன், இப்போது எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்ற கணக்கு இந்த மருந்தில் தப்பாகிவிடும்.

படி 2: வாய்க்குள் போகும் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பெயர், அளவு, எந்த வேளை, எப்போதிலிருந்து, யார் கொடுத்தது ஆகியவற்றை ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள்.

எழுத மறப்பவைதான் முக்கியமானவை: இருமல் மருந்து, சளி மாத்திரை, வலி மாத்திரை, முடி உதிராமல் இருக்கச் சாப்பிடும் பயோட்டின், உடற்பயிற்சிக் கூடத்தில் விற்கும் பொடி, அமுக்கரா சூரணம், கருத்தடை மாத்திரை, ஆண்மைக் குறைவுக்கு என்று வாங்கிய லேகியம், மது. குழந்தைக்குப் பசி எடுக்க வாங்கிய சிரப்பை அம்மாவும் குடிப்பது உண்டு. அதில் சைப்ரோஹெப்டடின் இருந்தால் அது செரோட்டோனினைத் தடுக்கும் மருந்து. மனச்சோர்வு மாத்திரையின் பலனை அது குறைத்ததாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன.

லேகியத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகள் பலருக்குப் பாலுறவு ஆர்வத்தைக் குறைக்கும், உச்சத்தைத் தாமதப்படுத்தும். இது தெரிந்த பக்கவிளைவு; அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ சரிசெய்யக்கூடியது. மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, பேருந்து நிலையச் சுவரில் ஒட்டிய விளம்பரத்தைப் பார்த்து விடுதி அறை வைத்தியரிடம் போகிறவர்கள் இருக்கிறார்கள். இத்தகைய பொருட்களில் சில்டெனாஃபில் கலந்திருப்பது பல நாடுகளில் ஆய்வுக்கூடச் சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. இதய நோய்க்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்தக் கலப்படம் உயிரையே பறிக்கலாம்.

ஊர் அறிந்துவிடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. சிறிய ஊரில் மருந்துக் கடைக்காரர் மாமாவுக்கு நண்பராக இருப்பார். அதற்காக மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. தாளைப் படம் எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொண்டால், எங்கே போனாலும் வாய்திறந்து சொல்லாமலே காட்டிவிடலாம்.

படி 3: எதற்காகச் சேர்க்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்

"மாத்திரை வேலை செய்யவில்லை" என்பது ஒரு காரணம். எத்தனை வாரம் ஆயிற்று என்று பாருங்கள். இந்த மருந்துகள் பலன் காட்டத் தொடங்கவே இரண்டிலிருந்து நான்கு வாரங்கள் ஆகும். முழுப் பலன் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரங்கள் ஆகலாம். பத்தாம் நாளில் டப்பா ஒன்றைச் சேர்த்துவிட்டு ஆறாம் வாரத்தில் நலமானால், எது குணப்படுத்தியது என்று யாராலும் சொல்ல முடியாது. எட்டு வாரங்கள் ஆகியும் மாற்றமில்லை என்றால் மருத்துவர் அளவை உயர்த்தலாம், மருந்தை மாற்றலாம், பேச்சுவழிச் சிகிச்சையைச் சேர்க்கலாம். கடையில் வாங்கும் எதையும்விட இந்த மூன்றுக்கும் ஆதாரம் வலுவானது.

"சோர்வாகவே இருக்கிறது" என்பது இன்னொரு காரணம். இரத்தசோகை, தைராய்டு குறைவு, பி12 குறைவு, வைட்டமின் டி குறைவு எல்லாமே சோர்வாகத்தான் வெளிப்படும். சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நெடுங்காலம் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம். ஊகித்து வாங்குவதைவிட ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., பி12, வைட்டமின் டி ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்வது மேல். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னதாகப் பயோட்டினை நிறுத்துங்கள். அது தைராய்டு முடிவுகளைத் தவறாகக் காட்டவைக்கும்.

முதல் வாரக் குமட்டலும் தூக்கக் கோளாறும் பெரும்பாலும் தானே தணிந்துவிடும். அவற்றுக்கு இன்னொரு பொருளைத் தேட வேண்டாம்.

படி 4: எதைத் தொடக்கூடாது, எதைக் கேட்டுச் சேர்ப்பது, எதற்கு அஞ்ச வேண்டாம்

முதலில் தொடக்கூடாதவை. செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற மூலிகை, 5-எச்.டி.பி., எல்-டிரிப்டோஃபான் ஆகிய மூன்றும் செரோட்டோனினைக் கூட்டுபவை. மருந்தும் கூட்ட, இதுவும் கூட்டினால் செரோட்டோனின் அளவு மீறி உடலே கொந்தளிக்கும். 5-எச்.டி.பி. பல டப்பாக்களில் "கிரிஃபோனியா விதைச் சாறு" என்ற பெயரில் இருக்கும். இயற்கைப் பொருள் என்று ஏமாறாதீர்கள்.

இவற்றில் செயின்ட் ஜான்ஸ் வொர்ட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. கல்லீரலில் மருந்துகளை உடைக்கும் நொதிகளை அது முடுக்கிவிடும். கருத்தடை மாத்திரை, இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்கும் சைக்ளோஸ்போரின், எச்.ஐ.வி. மருந்துகள் ஆகியவற்றின் வலிமை இதனால் குறையும். நிறுத்திய பிறகும் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் இந்த விளைவு நீடிக்கும். ஐரோப்பாவில் மிதமான மனச்சோர்வுக்கு அதைத் தனியாகத் தருவது உண்டு. அதை வைத்து "அங்கே மருத்துவரே தருகிறார்" என்று விற்கிறார்கள். தனியாகத் தருவது வேறு, எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரையின் மேல் சேர்ப்பது வேறு.

அடுத்தது, மருத்துவர் சம்மதத்தோடு மட்டும் சேர்ப்பவை. எஸ்-அடினோசில் மெத்தியோனின் இங்கே கல்லீரலுக்கென்று அடெமெடியோனின் என்ற பெயரில் எழுதித் தரப்படுகிறது. அதுவும் மனநிலையைத் தூண்டும். இருமுனைக் கோளாறு, அதாவது மனச்சோர்வும் மிகை எழுச்சியும் மாறிமாறி வரும் நோய், உள்ளவரை மிகை எழுச்சிக்குத் தள்ளக்கூடும். கல்லீரலுக்கு மாத்திரை எழுதும் மருத்துவருக்கு உங்கள் மனநல மருந்து தெரிந்திருக்க வேண்டும். ரோடியோலா என்ற மூலிகை, குங்குமப்பூச் செறிவு மாத்திரை ஆகியவையும் இந்த வரிசைதான். பாலில் நான்கு இழை குங்குமப்பூ போடுவது இதில் சேராது.

அமுக்கரா, அதாவது அசுவகந்தா, நம் மாவட்டங்களில் நிறையப் புழங்குகிறது. தூக்கம் தரும் மாத்திரைகளோடும் மிர்ட்டாஸபின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றோடும் சேர்ந்தால் மயக்கம் கூடும். தைராய்டு சுரப்பை உயர்த்தும் தன்மை இருப்பதால் தைராக்ஸின் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டும். அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது: கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது. சித்த மருந்து வேண்டும் என்றால் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவில் பதிவு பெற்ற மருத்துவரிடம் உங்கள் தாளைக் காட்டிக் கேளுங்கள். பெயர் ஒட்டாத பொடிப் பொட்டலத்தை யார் தந்தாலும் வாங்காதீர்கள். மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டிருக்கிறது. ஸ்டீராய்டு தானே மனநிலையைக் குலைக்கக்கூடியது.

மெலட்டோனின் பெரும்பாலான மருந்துகளோடு ஒத்துப்போகும். ஃப்ளூவாக்ஸமின் சாப்பிடுபவருக்கு மட்டும் அதன் அளவு இரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடும்.

பொதுவாக அஞ்ச வேண்டாதவை: குறைபாடு இருப்பது தெரிந்தபின் எடுக்கும் பி12, ஃபோலிக் அமிலம், இரும்புச்சத்து, வைட்டமின் டி. வைட்டமின் டி-யில் ஒரு பெரிய தவறு நடக்கிறது. 60,000 யூனிட் மாத்திரை வழக்கமாக வாரம் ஒன்றுதான். மற்ற மாத்திரைகளோடு சேர்த்து அதையும் தினமும் விழுங்குபவர்களுக்கு இரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம், குழப்பம் வரும். அட்டையின் மேல் "ஞாயிறு மட்டும்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

மீன் எண்ணெய் மாத்திரையை மனச்சோர்வு மருந்தோடு சேர்த்துக் கொடுத்துச் செய்த ஆய்வுகளில் இ.பி.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு மிகுந்தவைதான் ஓரளவு பலன் காட்டின. நாளுக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிராம் இ.பி.ஏ. அளவில். டப்பாவில் "மீன் எண்ணெய் 1000 மில்லிகிராம்" என்றிருந்தால் அதில் இ.பி.ஏ. 180 மில்லிகிராம் மட்டுமே இருக்கலாம். பின்பக்கத்தைப் படியுங்கள். ஆஸ்பிரின், வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கேழ்வரகுக் களி, வல்லாரைத் துவையல், முருங்கைக்கீரை, மஞ்சள், வாழைப்பழம் எதையும் நிறுத்த வேண்டாம். உணவின் அளவில் இவை எந்த மனச்சோர்வு மருந்தோடும் மோதுவதில்லை. வல்லாரையும் நீர்ப்பிரமியும் செறிவூட்டிய மாத்திரையாக வரும்போது மட்டும் தாளில் எழுதுங்கள்.

டப்பாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. சத்து மாத்திரைகள் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமத்தில் வருபவை. "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற வாசகம் அவற்றில் இருக்க வேண்டும். மனச்சோர்வைக் குணப்படுத்தும் என்று அதே டப்பா சொன்னால் அந்தக் கூற்றே சட்டத்துக்குப் புறம்பானது.

படி 5: மனநிலைக்குச் சம்பந்தமில்லாததாகத் தெரியும் மாத்திரைகள்

நம் இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆழ்துளைக் கிணற்று நீரைப் பல்லாண்டுகள் குடித்து எலும்பும் மூட்டும் இறுகியவர்கள் கிராமங்களில் இருக்கிறார்கள். கடையில் டைக்ளோஃபினாக் வாங்கித் தினமும் சாப்பிடுவது அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்து இரத்தத் தட்டணுக்களின் ஒட்டும் திறனைக் குறைக்கிறது. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் ஆகியவை இரைப்பையின் உள்தோலைப் புண்ணாக்குகின்றன. இரண்டும் சேரும்போது இரைப்பையில் இரத்தம் கசியும் வாய்ப்பு, தனித்தனியே சாப்பிடுவதைவிடத் தெளிவாக அதிகம். மலம் தார்போலக் கறுத்துப் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கல்லீரல் நலமாக இருப்பவருக்கு வலிக்குப் பாராசிட்டமால் பாதுகாப்பானது. டைக்ளோஃபினாக் தவிர்க்க முடியாதென்றால் இரைப்பைக் காப்பு மாத்திரை வேண்டுமா என்று கேளுங்கள்.

டிரமடால் வலி மாத்திரை செரோட்டோனினையும் கூட்டும், வலிப்பையும் வரவழைக்கும். பல் பிடுங்கிய பின்னும் அறுவை சிகிச்சைக்குப் பின்னும் இதைத் தருவது உண்டு. வறட்டு இருமல் மருந்துகளில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் அதே வகை. ஃப்ளூஆக்ஸெட்டினும் பராக்ஸெட்டினும் அதை உடலில் உடையவிடாமல் தேக்கிவைப்பதால் அவற்றோடு இன்னும் ஆபத்து. செரோட்டோனினைக் கூட்டும் இந்த வரிசையில், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரும் லினெசோலிட் மிக முக்கியமானது. காசநோய்ச் சிகிச்சை தொடங்கும் அன்றே மனநல மருந்தைச் சொல்லிவிடுங்கள். மூக்கடைப்பு மாத்திரைகளில் உள்ள ஃபினைலெஃப்ரின், வென்லாஃபாக்ஸின் வகையோடு சேர்ந்தால் இரத்த அழுத்தம் ஏறக்கூடும்.

படி 6: ஐந்து நிமிடத்தில் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

புறநோயாளிப் பிரிவில் வரிசை நீளம். உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். உட்கார்ந்ததும் தாளை மேசையில் வையுங்கள். டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். "டாக்டர், இந்த மாத்திரையோடு இதைச் சேர்க்கலாமா? எவ்வளவு, எத்தனை நாள்? எந்த அறிகுறி வந்தால் நிறுத்த வேண்டும்?" என்று மூன்று கேள்விகள் போதும். "வேண்டாம்" என்று சொன்னால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மாவட்ட மனநலத் திட்டமும் நடக்கிறது. பெங்களூரில் சிகிச்சை பெறுகிறவர்கள் அந்த மருந்துச் சீட்டை உள்ளூர் மருத்துவரிடமும் காட்டி வையுங்கள். நேரில் போக முடியாத நாளில் 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் என்ற அரசுத் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை இரவு பகலாகக் கிடைக்கிறது. கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

படி 7: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

மருத்துவர் சரி என்று சொன்ன பிறகும், மாத்திரையின் அளவு மாறிய வாரத்தில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். குறைந்த அளவில் தொடங்கி இரண்டு வாரங்கள் ஒரே நிலையில் இருங்கள். தூக்கம், பசி, பதற்றம், மனநிலை ஆகிய நான்கையும் நாட்காட்டித் தாளில் ஒற்றை வரியாக எழுதிவையுங்கள். எட்டு வாரங்களில் ஒரு பயனும் தெரியவில்லை என்றால் அந்த டப்பாவுக்குச் செலவழிப்பதை நிறுத்திவிடலாம்.

சத்து மாத்திரை பிடித்துப்போய் மருத்துவர் தந்ததைக் கைவிடுகிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு, எரிச்சல், அழுகை வரும். வென்லாஃபாக்ஸினிலும் பராக்ஸெட்டினிலும் இது கடுமை. நலமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர்ந்து, பின்பு மருத்துவர் சொல்லும் வேகத்தில் குறைப்பதே வழக்கம்.

இன்னும் கவனமாக இருக்க வேண்டியவர்கள்

அறுபதைக் கடந்தவர்களுக்கு எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்து இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கக்கூடும். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரையும் சாப்பிட்டால் வாய்ப்பு இன்னும் கூடும். தாத்தா திடீரென்று தடுமாறினாலோ பேச்சு குழம்பினாலோ "வயசாகிவிட்டது" என்று விடாமல் சோடியம் பரிசோதனை செய்யுங்கள். இருமுனைக் கோளாறுக்குத் தரும் லித்தியம் சாப்பிடுபவர்கள் கோடையில் நீர் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் லித்தியத்தை நச்சு அளவுக்கு ஏற்றிவிடலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் மூலிகைச் செறிவு எதையும் தாங்களாகத் தொடங்க வேண்டாம். மனச்சோர்வு மாத்திரையைத் தாங்களாக நிறுத்தவும் வேண்டாம். இருபத்தைந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களிலும் அளவு மாறும்போதும் தற்கொலை எண்ணம் கூடக்கூடும். வீட்டில் ஒருவர் அருகிலிருந்து கவனியுங்கள்.

ஏற்கெனவே இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்

பதற வேண்டாம். உடலில் தொந்தரவு இல்லையென்றால் மருத்துவர் தந்ததைத் தொடருங்கள். தொடக்கூடாதவை என்று மேலே சொன்ன சத்துப் பொருளை நிறுத்திவிட்டு அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் தெரிவியுங்கள். செயின்ட் ஜான்ஸ் வொர்ட்டோடு வார்ஃபரின் போன்றவையும் சாப்பிட்டிருந்தால், அதை நிறுத்தும்போது அவற்றின் வலிமை திடீரென்று ஏறும். அவர்கள் மட்டும் முதலில் மருத்துவரிடம் பேசிவிட்டு நிறுத்த வேண்டும்.

ஆபத்து அறிகுறிகள்

செரோட்டோனின் மிகுந்தால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள், பல வேளை ஆறு மணி நேரத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். கை நடுக்கம், வியர்வை, வயிற்றுப்போக்கு, நிலைகொள்ளாமை, படபடப்பு ஆகியவற்றில் தொடங்கும். மே மாத வெயிலில் இதை வெப்பத் தாக்கம் என்றோ, வெளியில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றோ எண்ணி விட்டுவிடுவது எளிது. கால்கள் விறைப்பதும், பாதத்தை மேல்நோக்கி அழுத்தினால் அது தானாகத் துடிப்பதும் வேறுபடுத்திக் காட்டும் அடையாளங்கள். காய்ச்சல் ஏறி, குழப்பமோ வலிப்போ வந்தால் அது உயிருக்கு ஆபத்தான நிலை.

புதிதாக ஒன்றைச் சேர்த்த பிறகு இப்படி வந்தால் அடுத்த வேளை எதையும் விழுங்காமல் 108-ஐ அழையுங்கள். பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். இந்தச் சூடு தசைகள் விறைப்பதால் வருவது, அந்த மாத்திரைக்குத் தணியாது. நோயாளியைத் தனியே விடாமல், இறுக்கமான உடைகளைத் தளர்த்திக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பென்னாகரம், அஞ்செட்டி, சித்தேரி போன்ற மலையோர ஊர்களில் வண்டி வர நேரமாகலாம் என்பதால், நடுக்கமும் வியர்வையும் தொடங்கும்போதே அழைத்துவிடுங்கள். காலி அட்டைகள், டப்பா, இருமல் மருந்துப் புட்டி, நீங்கள் எழுதிய தாள் ஆகிய எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு உடன் எடுத்துச் செல்லுங்கள். அவசரப் பிரிவு மருத்துவரிடம் "மனச்சோர்வுக்கு இந்த மாத்திரை சாப்பிடுகிறார், இதை நேற்றுச் சேர்த்தார்" என்று முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள்.